கொப்புளம்

மஞ்சக்குப்பத்தில் அக்கா பூரி சுட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மகன் கேட்டான்: "மாமா, யுரேனியத்துல நீங்க என்னதான் வேலை செஞ்சீங்க?"

எண்ணெயில் பூரி உப்புவதைப் பார்த்தபடி, "இப்படி உப்பாத தகடு செஞ்சேன்டா" என்றேன்.

ஆராய்ச்சி அணு உலைகள் பலவும் ஒரு காலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டிய, அதாவது எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235-இன் பங்கை அந்த அளவுக்குக் கூட்டிய, யுரேனியத்தில் ஓடின. அது அணுகுண்டுக்கும் ஆகும் என்பதால், 20 சதவீதத்துக்குக் குறைந்த செறிவுக்கு உலைகளை மாற்றும் திட்டத்தை 1978-ல் அமெரிக்கா தொடங்கியது. ஆனால் செறிவைக் குறைத்தால், அதே எரிபொருள் தகட்டுக்குள் இன்னும் நிறைய யுரேனியத்தை அடைக்க வேண்டும். யுரேனியமும் சிலிக்கானும் சேர்ந்த சிலிசைடு எரிபொருளில் கன சென்டிமீட்டருக்கு 4.8 கிராம் யுரேனியம் வரை வைத்தார்கள். 8 கிராம் வேண்டுமென்றால் உலோகக் கலவைக்குத்தான் போக வேண்டும். வெறும் யுரேனியம் உலைக்குள் ஒழுங்கில்லாமல் வீங்கும். 7 முதல் 10 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகத்தைச் சேர்த்தால் அடங்கி நிற்கும்.

அந்தக் கலவைப் பொடியை, கேசரியில் பண்ருட்டி முந்திரி கிடப்பதுபோல, அலுமினியத்துக்குள் பரப்புகிறோம். வம்பு அங்கேதான் வந்தது. உலைக்குள் இரண்டும் தொடுகிற இடத்தில் புதிதாக ஓர் அடுக்கு வளர்கிறது. அணுப்பிளவில் பிறக்கும் வாயு அதன் ஓரத்தில் சேர்ந்து தகட்டையே உப்பவைக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சோதனைகளில் இப்படிச் சில தகடுகள் கெட்டன. அலுமினியத்தில் சிறிது சிலிக்கான் கலந்தபோது அந்த அடுக்கின் வளர்ச்சி மட்டுப்பட்டது. பல நாட்டு ஆட்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிக் கண்டது இது.

என் பங்கு சிறியது. எரிபொருள் வில்லையை அலுமினியச் சட்டத்தில் பொருத்தி, மேலும் கீழும் தகடு மூடி, சூடாக உருட்டி, அப்புறம் உலையடுப்பில் வைத்துப் பார்ப்போம். உள்ளே ஒட்டாத இடம் இருந்தால் கொப்புளமாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் அவசரத்தில் ஒரு சட்டத்தைச் சரியாகத் துடைக்காமல் விட்டேன். மொச்சைக்கொட்டை அளவில் கொப்புளம். மூத்த பொறியாளர் திட்டவில்லை. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்து, "இங்கேயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்றார். பணி ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு முறை துடைத்தேன்.

2018 செப்டம்பரில் மும்பை டிராம்பேயில் அப்சரா-யு என்ற ஆராய்ச்சி உலை இயங்கத் தொடங்கியது. குறைந்த செறிவுள்ள சிலிசைடுத் தகடுகள்தான் அதற்கு எரிபொருள். அவை நான் செய்தவை அல்ல. ஆனாலும் அந்தச் செய்தி வந்த காலை கடலூரில் பேப்பரை விரித்ததும், படிக்கும் முன்பே கத்தரிக்கோலைத் தேடினேன்.