டிக்கா ரைஃபிளுக்கு ஸ்கோப் வளையம்: இதுவரை

ரைஃபிளும், அதன் மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் முடிவாகி வெகுநாளாகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற வளையங்கள்தான் பாக்கி இருந்தன. ரைஃபிள் டிக்கா டி3எக்ஸ் லைட், ஸ்டெயின்லெஸ், 7 மிமீ-08 தோட்டாவுக்கானது. ஸ்கோப் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை காட்டும். 40 மிமீ முன் லென்ஸ், ஒரு அங்குலக் குழாய். எந்த ஸ்கோப் நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இந்தக் குறிப்பு முழுக்க வளையமும் அதன் அடிப்பாகமும் பற்றித்தான்.

நான் இருப்பது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில். போகப்போவது தெற்குத் தீவின் மலைகளுக்கு, இமயமலை வரையாடு தேடி. ஊரில் படிப்பவர்கள் திடுக்கிட வேண்டாம். நம் நீலகிரி வரையாடு வேறு. மரபணு ஆய்வுக்குப் பிறகு அதைத் தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதன் மேல் யாரும் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இங்கே நிலைமை தலைகீழ். 1904-இல் ஆவ்ராக்கி மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்ட ஆடுகள் பெருகிவிட்டன. வௌவாலையும் கடல் பாலூட்டிகளையும் விட்டால் இந்த நாட்டுக்குச் சொந்தமான பாலூட்டியே கிடையாது. அதனால் குளம்பையே பார்த்தறியாத மலைச்செடிகளை இவை மொட்டையடிக்கின்றன. மொத்த எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாது என்று 1993-இல் ஒரு கட்டுப்பாட்டுத் திட்டம் போட்டார்கள். அரசே ஹெலிகாப்டரில் போய்ச் சுடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கும் அனுமதிச் சீட்டு தருகிறது. துப்பாக்கி உரிமம் தனி. 2023 முதல் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் ஏற்றும் முறையும் வந்திருக்கிறது.

இதையெல்லாம் சொல்லக் காரணம், வளையம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த மலைதான் முடிவு செய்கிறது. ஆடு நிற்கும் இடம் பாறைச் சரிவு. ஓடைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அது; இருநூறு, முந்நூறு மீட்டர் சாதாரணம். ரைஃபிள் பாறையில் இடிபடும், ஹெலிகாப்டரில் மூட்டையோடு மூட்டையாகக் கிடக்கும், மேற்குக் கரை மழையில் நாள் முழுக்க நனையும். ஆக நான் வைத்த வரிசை இது: முதலில் அசையக் கூடாது, பிறகு துருப்பிடிக்கக் கூடாது, பிறகு தாழ்வாக இருக்க வேண்டும், கடைசியில்தான் எடை. மலை வேட்டைக்காரர்கள் பலர் எடையை முதலில் வைப்பார்கள். எனக்கு அது புரியாத கணக்கு. வளையத்தில் ஐம்பது கிராம் மிச்சம் பிடித்துவிட்டு, பையில் ரெண்டு சாக்லேட் கட்டி கூடுதலாகத் திணிப்பார்கள்.

எனக்கு முன்பே இங்கே வேட்டைக்குப் போகிற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். கடையில் நான் விலைச்சீட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, "ஆயிரம் டொலருக்கு ஸ்கோப் வாங்கிப்போட்டு அதைப் பிடிச்சு வச்சிருக்கிற சாமானுக்கு அம்பது டொலரோ, தம்பி?" என்றார். "அண்ணை, அம்பதுக்கும் நல்லது இருக்குமே" என்றேன். "இருக்கும். ஆனா நீர் விலையை மட்டும் எல்லோ பாக்கிறீர்" என்று நகர்ந்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றைக்கு வாங்காமல் வீட்டுக்கு வந்து அளக்க ஆரம்பித்தேன்.

முதல் கேள்வி, ரிசீவரின் (பேரலுக்குப் பின்னாலுள்ள உடல்பகுதியின்) முதுகில் என்ன இருக்கிறது என்பது. டிக்காவில் இரண்டு வழி உண்டு. முதுகிலேயே 17 மிமீ அகல டோவ்டெய்ல் (புறாவால் வடிவ வரம்பு) செதுக்கியிருக்கிறார்கள். வளையம் நேராக அதைக் கவ்விக்கொள்ளும். கூடவே ஸ்க்ரூ ஓட்டைகளும் உண்டு. ரெயிலோ (குறுக்குப் பள்ளங்கள் உள்ள பட்டை) தனி அடிப்பாகமோ அதில் பூட்டலாம். இந்த 17 மிமீ முக்கியம். ஏர் ரைஃபிளிலும் .22-விலும் பார்க்கிற டோவ்டெய்ல் 11 மிமீ. அந்த வளையம் இதில் உட்காரவே உட்காராது. டிக்காவைச் செய்வதே சாக்கோதான் என்றாலும், சாக்கோ ரைஃபிளின் டோவ்டெய்ல் ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகும், டிக்காவினுடையது நேர்கோடு. அட்டைப்பெட்டியில் 'சாக்கோ' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டிக்கா எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீள ரிசீவரைத்தான் பயன்படுத்துகிறது. 7 மிமீ-08 குட்டைத் தோட்டா என்பதால் முன் வளையமும் பின் வளையமும் நெருக்கமாக வரும் என்று நினைத்தால் வராது. நீளத் தோட்டா ரைஃபிளுக்குள்ள இடைவெளிதான். குட்டையான ஸ்கோப் என்றால் நடுவிலுள்ள டரட் மேட்டுக்கு (குறியைத் திருத்தும் குமிழ்கள் இருக்கும் இடம்) இரண்டு பக்கமும் குழாய் போதாமல் போகலாம். ஸ்கோப்பின் மொத்த நீளத்தைப் பார்த்துப் பயனில்லை, வளையம் பிடிக்கக்கூடிய நேர்க்குழாய் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். என் ஸ்கோப் தப்பித்தது. கொஞ்சம்தான் மிச்சம், ஆனால் தப்பித்தது.

ரெயில் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ரெயிலில் குறை இருப்பதால் அல்ல. வீவர் ரெயில் 1930-இல் தொடங்கிய ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயரில் இன்றும் ஓடுகிறது. 1995-இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிக்காட்டினி அதன் கண்டிப்பான தம்பி. வீவரில் குறுக்குப் பள்ளம் 0.180 அங்குலம், பிக்காட்டினியில் 0.206. அதனால் வீவர் வளையம் பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினி வளையம் வீவரில் உட்காராது. நீண்ட தூரம் சுடுகிறவர்கள் 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சாய்வுள்ள ரெயில் போட்டு, ஸ்கோப்பில் குறியை மேலேற்றும் அளவைக் கூட்டிக்கொள்வார்கள். அறுநூறு, எழுநூறு மீட்டருக்கு அது சரி. முந்நூறோடு நிறுத்திக்கொள்கிறவனுக்கு எதற்கு? ரெயில் போட்டால் ரிசீவருக்கும் ரெயிலுக்கும் ஒரு இணைப்பு, ரெயிலுக்கும் வளையத்துக்கும் இன்னொரு இணைப்பு, வளையத்துக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றாவது. டோவ்டெய்லை நேராகக் கவ்வினால் ஒன்று குறைகிறது. குளிரில் விறைத்த கையோடு மலை உச்சியில் 'எது லூசு?' என்று தேடும் இடங்களில் ஒன்று குறைகிறது என்பதுதான் எனக்குப் பெரிது.

கழற்றி மாட்டும் நெம்புகோல் வைத்த வளையங்களையும் ஒதுக்கிவிட்டேன். முன் வளையத்தை 90 பாகை சுழற்றி உள்ளே செருகும் பழைய ரெட்ஃபீல்டு பாணி இந்த ரைஃபிளுக்குப் பேச்சே இல்லை.

சாக்கோவின் ஆப்டிலாக் பக்கம் மனம் போனது உண்மை. எஃகு அடிப்பாகம், வளையத்துக்குள் பிளாஸ்டிக் உட்கூடு. முன்பின் வளையங்கள் துளி கோணலாக நின்றாலும் அந்த உட்கூடு தானே திரும்பிச் சரிசெய்துகொள்ளும், ஸ்கோப்பின் தோலிலும் தழும்பு விழாது. பர்ரிஸ் சிக்னேச்சர் வளையங்களும் அதே யோசனைதான். ஆனால் ஆப்டிலாக்கில் வளையமும் அடியும் தனித்தனி. நான் எண்ணிக்கொண்டிருந்த இணைப்புக் கணக்கில் அது பின்தங்கியது.

கடைசியில் எடுத்தது டோவ்டெய்லை நேராகக் கவ்வும் அலுமினிய வளையம். பின் வளையத்தின் அடியில் ஒரு சிறு ஊசி உண்டு. ரிசீவர் முதுகிலுள்ள குழியில் அது போய் உட்காரும். அந்த ஊசிக்காகவே எடுத்தேன். சுடும்போது ரைஃபிள் பின்னால் பாய்கிறது, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பார்க்கிற நமக்கு ஸ்கோப்பும் வளையமும் முன்னால் நழுவியதுபோலத் தெரியும். வெறும் இறுக்கத்தை நம்பி விட்டால் என்றாவது ஒருநாள் டோவ்டெய்லில் மெல்ல வழுக்கும். ஊசி இருந்தால் வழியில்லை.

உயரம்தான் அதிக நேரம் எடுத்தது. கடையில் 'லோ', 'மீடியம்', 'ஹை' என்று எழுதியிருக்கும். ஒரு கம்பெனியின் லோ இன்னொரு கம்பெனியின் மீடியம். மில்லிமீட்டர் கேட்டு வாங்குங்கள். எதிலிருந்து எதுவரை என்பதையும் கேளுங்கள், சிலர் குழாயின் அடிவரை சொல்வார்கள், சிலர் நடுவரை.

நான் போட்ட கணக்கு இது. 40 மிமீ என்பது லென்ஸ்தான். கூட்டின் வெளி விட்டம் வெர்னியரில் 47 மிமீ வந்தது. பாதி 23.5. அந்தக் கூட்டுக்கு நேர் கீழே பேரல் 20 மிமீ தடிமன், பாதி 10. இரண்டையும் கூட்டினால் 33.5. நடுவில் 3 மிமீ இடைவெளி விட்டேன். லென்ஸ் மூடிக்கும், பேரல் சூடேறினால் உரசாமல் இருக்கவும் அது போதும். ஆக பேரலின் நடுக்கோட்டிலிருந்து ஸ்கோப்பின் நடுக்கோடு 36.5 மிமீ. அதிலிருந்து டோவ்டெய்லின் உயரத்தைக் கழித்தால் வளையம் தர வேண்டிய உயரம் கிடைத்துவிடும். அதற்கு அடுத்த பெரிய அளவை வாங்கினேன்.

இத்தோடு முடியாது. பின்பக்கம் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடி கண்பக்கக் கூட்டில் இடிக்கக் கூடாது. டிக்காவில் கைப்பிடி 70 பாகைதான் மேலெழும்பும், அதனால் தாழ்ந்த வளையத்திலும் கையுறை போட்ட விரல் நுழைய இடம் இருந்தது. 90 பாகை எழும்பும் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள். தாழ்வாக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்குக் காரணம் கன்னம். லைட் ஸ்டாக்கின் (தோளில் பதிக்கும் கட்டையின்) முதுகு நேராக, தாழ்வாக இருக்கிறது. ஸ்கோப் உயர்ந்தால் தாடையைத்தான் வைக்க முடியும், கன்னம் பதியாது. கன்னம் பதியாவிட்டால் ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும்.

பூட்டும் வேலை ஒரு மாலை. துப்பாக்கி காலி என்று போல்ட்டைக் கழற்றி, தோட்டா அறையில் விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் மேசையில் வைத்தேன். டோவ்டெய்லையும் ஸ்க்ரூக்களையும் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய் போக்கினேன். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தை ஒன்பது மடங்கில் வைத்துப் பார்த்தேன், குளிர்கால ஜாக்கெட் போட்டுக்கொண்டு. மேசையில் உட்கார்ந்து சட்டையோடு பார்ப்பதற்கும், தடித்த ஜாக்கெட்டில் மேட்டை நோக்கிப் படுத்துச் சுடுவதற்கும் நிறைய வித்தியாசம். மேல்நோக்கிச் சுடும்போது ஸ்கோப் புருவத்தை நெருங்கிவிடும். கிட்டத்தட்ட 90 மிமீயில் நிறுத்தினேன்.

ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பியை நேராக்க விலை உயர்ந்த கருவிகள் விற்கிறார்கள். நான் வேலியில் ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டேன். ரிசீவர் மேல் சின்ன ரசமட்டம். நிமிர்ந்த கம்பியும் நூலும் ஒன்றாகும்வரை திருப்பினால் ஆயிற்று. தொல்லை அதற்குப் பிறகுதான்: மேல்மூடி ஸ்க்ரூவை இறுக்கும்போது மூடி ஸ்கோப்பையும் சேர்த்துக் கொஞ்சம் திருப்பும். ஒரு ஸ்க்ரூவுக்குக் கால் சுற்று, எதிர் மூலைக்குக் கால் சுற்று, இரண்டு பக்க இடைவெளியும் சமமா என்று பார்த்துக்கொண்டே போனால் திரும்பாது. ஸ்கோப் மூன்று பாகை சாய்ந்திருந்தாலும் நூறு மீட்டரில் கவலையில்லை, முந்நூறில் தோட்டா சில சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும்.

இறுக்கம் 17 இன்ச்-பவுண்ட், கிட்டத்தட்ட 2 நியூட்டன்-மீட்டர். வளையத்தோடு வந்த தாளில் போட்டிருந்த அளவு அது. 15-லிருந்து 18-க்குள் என்பது வழக்கமான பேச்சு. இதற்கு டார்க் டிரைவர் (இறுக்கத்தை அளந்து பூட்டும் திருப்புளி) கட்டாயம் வேண்டும். மணிக்கட்டின் உணர்வு என்பதெல்லாம் கதை. மேல்மூடி ஸ்க்ரூவில் நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) போடவில்லை. அது ஈரமாக இருக்கும்போது எண்ணெய்போல வழுக்கி, அதே எண்ணில் கூடுதலாக இறுக்கிவிடும். மெல்லிய அலுமினியக் குழாய் அதைத் தாங்காது. டோவ்டெய்லைக் கவ்வும் ஸ்க்ரூவில் ஒரு சொட்டு போட்டேன், வளையத்தை முன்னால் தள்ளி ஊசி குழியின் சுவரைத் தொட்டபிறகு. முடிந்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. அசைந்தால் கோடு உடைந்திருக்கும்.

சுடுகளத்தில், போல்ட்டைக் கழற்றிப் பேரல் வழியாக 25 மீட்டரில் உள்ள இலக்கு வட்டத்தைப் பார்த்து, ஸ்கோப்பையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தேன். முதல் தோட்டாவே காகிதத்தில் விழுந்தது. பிறகு 100 மீட்டர். கால் எம்ஓஏ ஒரு கிளிக், அதாவது 100 மீட்டரில் 7 மிமீக்குக் கொஞ்சம் மேல். வட்டத்துக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மேலே விழும்படி வைத்தேன். இந்தத் தோட்டாவுக்கு அது 200 மீட்டரில் நேராக வரும். 200-இல் சுட்டும் பார்த்தாயிற்று.

அப்புறம் ரைஃபிளை உறையில் போட்டு, நண்பரின் வண்டிப் பின்புறத்தில் சரளைச் சாலையில் பகல் முழுக்கக் குலுங்க விட்டுவிட்டு, மறுபடி அதே இலக்கு, அதே தோட்டா. துளைகள் பழைய கூட்டத்துக்குள்ளேயே விழுந்தன. வெள்ளைக் கோடுகள் எதுவும் உடையவில்லை. அண்ணை காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, இனி நீர்தான் பிழைவிட வேணும்" என்றார்.

இன்னும் பாக்கி இருப்பவை: லென்ஸ் மூடி ஒன்று வாங்க வேண்டும், 3 மிமீ இடைவெளியில் எது நுழையும் என்று பார்த்து. 300 மீட்டரில் இரும்புத் தகட்டில் சுட்டுப் பார்க்கவில்லை. இங்கே குளிர் தொடங்கும் மே மாதத்தில், பூஜ்யத்துக்குக் கீழே ஒரு ராத்திரி வெளியே கிடந்த பிறகு 17 இன்ச்-பவுண்ட் அப்படியே நிற்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். டார்க் டிரைவர் மலைக்கு வராது. அதற்குப் பதில் ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் ஒரு சின்ன டார்க்ஸ் (நட்சத்திர முனை) சாவியைப் பையில் கட்டிவிட்டேன்.