கைரோபிளேன் கட்டுன அனுபவம்: ட்ரில் பிட்ல இருந்து பிங்க் ஸ்லிப் வரைக்கும்

நீ என்னமோ ஹெலிகாப்டர் கட்றியாமே, அதுக்கெல்லாம் யாருப்பா பர்மிஷன் குடுக்கறாங்கன்னு நிறைய பேர் கேட்டுட்டாங்க, அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல அது ஹெலிகாப்டர் இல்லங்க, கைரோபிளேன். பறக்கும்போது மேல சுத்தற ரோட்டருக்கு இன்ஜின் பவரே போகாது. பின்னாடி இருக்கற ப்ரொபெல்லர் வண்டிய தள்ளும், ரோட்டர் வழியா கீழ இருந்து மேல ஏறுற காத்து அத தானா சுத்த வைக்கும், அவ்ளோதான் மேட்டர். 1923லயே ஸ்பெயின்ல ஹுவான் டி லா சியர்வா பறக்க விட்டுட்டார். ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்துல நிக்காது. ஆனா இன்ஜின் நின்னாலும் ரோட்டர் நிக்காது, சுத்திக்கிட்டே இறங்கிரும்.

நான் இருக்கறது அமெரிக்காவுல இண்டியானா. இதே ஸ்டேட்ல மென்டோன்னு ஒரு குட்டி ஊர் இருக்கு, பாப்புலர் ரோட்டர்கிராஃப்ட் அசோசியேஷனோட ஃப்ளை-இன், அதாவது அவங்கவங்க வண்டியோட வந்து கூடிப் பறக்கற திருவிழா, அங்க நடக்கும், அத வேடிக்கை பாக்கப் போய்தான் இந்தக் கிறுக்கே பிடிச்சுது. அந்த அசோசியேஷன 1962ல ஈகோர் பென்சன் ஆரம்பிச்சார், வீட்டு கராஜ்ல வச்சே கட்டிக்கற மாதிரி பிளானும் கிட்டும் வித்த மனுஷன். அந்தக் காலத்துல ரெண்டு சீட் ட்ரெயினர் கிடைக்கறதே அபூர்வம்ங்கறதால நிறைய பேர் தானே கத்துக்கிட்டு தானே ஏறி தானே செத்தும் போனாங்க. எங்க கிளப் பெருசுங்க இத சொல்லாத சனிக்கிழமையே கிடையாது. அதனால கைல ஸ்பானர் குடுக்கறதுக்கு முன்னாடி அவங்க கேக்கற முதல் கேள்வி, க்ளாஸ் ஆரம்பிச்சுட்டியா? இத நான் முழுசா ஒத்துக்கறேன். கட்டி முடிச்சவன் கை சும்மா இருக்காது, வண்டி கண்ணு முன்னாடி நிக்கும், பறக்கத் தெரியாமயே ஏறிடுவான்.

கிளாஸ்னதும் நம்மாளுங்களுக்கு ஒரு விஷயம். நீங்க அமெரிக்க சிட்டிசன் இல்லன்னா, கிரீன் கார்டு இருந்தாலும் சரி, ஏர்போர்ட் செக்யூரிட்டி பாக்கற டிஎஸ்ஏ கிட்ட கைரேகை குடுத்து க்ளியரன்ஸ் வாங்கின அப்புறம்தான் ட்ரெயினிங். அதவிட முக்கியம், ஏர்கிராஃப்ட உங்க பேர்ல ரெஜிஸ்டர் பண்ண சிட்டிசனா இல்ல கிரீன் கார்டு ஹோல்டரா இருக்கணும், எச்-ஒன்-பி விசாவுல இருக்கறவங்களுக்கு கிடையாது. கிட்டுக்கு காசு கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. ஸ்போர்ட் பைலட் லைசென்ஸுக்கு குறைஞ்சது 20 மணி நேரம் பறக்கணும்.

கிளப்ல எடுத்த ப்ராஜக்ட் ஒரு சீட் ஓப்பன் ஃப்ரேம், ராட்டக்ஸ் 582 டூ ஸ்ட்ரோக் இன்ஜின். காலி வண்டி வெயிட்ட 254 பவுண்ட்குள்ள, 5 கேலன் டேங்க்குக்குள்ள அடக்கினா அல்ட்ராலைட் கணக்குல வரும், லைசென்ஸும் வேணாம் நம்பரும் வேணாம். ஆனா நல்ல சைஸ் வால், கிளம்பறதுக்கு முன்னாடி ரோட்டர சுத்தி விடற ப்ரீரோட்டேட்டர், கொஞ்சம் பெரிய இன்ஜின்னு சேர்க்கச் சேர்க்க வெயிட் ஏறிடும். வெயிட் குறைக்கறேன்னு வால சின்னதாக்கறது சுத்த முட்டாள்தனம்னு கிளப்ல முடிவு பண்ணி எக்ஸ்பெரிமென்டல், அதாவது சொந்தமா கட்டின வண்டிக்கான பிரிவு, அந்த ரூட்லயே போனோம்.

ஃப்ரேம் வேலை ஈஸிதான். 6061-டி6 அலுமினிய சதுர ட்யூப், விமானத்துக்குன்னே வர்ற ஏஎன் போல்ட், ஓட்டை போட்டு பிசிறு எடுத்து டார்க் ரெஞ்ச்ல முறுக்கி, அசைஞ்சா தெரியற மாதிரி மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு. ஒருத்தர் போட்ட போல்ட்ட இன்னொருத்தர் செக் பண்ணித்தான் கையெழுத்து. கழட்டின நைலாக் நட்ட (உள்ள நைலான் வளையம் இருக்கற நட்டு) திரும்பப் போட்டா திட்டு விழும்.

உண்மையான வேலை வண்டிய தொங்க விடறதுதான். பறக்கற வெயிட்ல, பெட்ரோல் ஊத்தி, என்னையும் சீட்ல கட்டி, ரோட்டர் ஹெட்ல, பிளேடு சீசா மாதிரி ஆடற டீட்டர் போல்ட்டப் பிடிச்சு ஹாங்கர் பீம்ல தொங்க விட்டாங்க, மூக்கு எவ்ளோ கீழ சாயுதுன்னு பாக்க. அப்புறம் வேற ஒரு பாயின்ட்ல இருந்தும் தொங்க விட்டு, ரெண்டு தடவையும் தூக்குக்குண்டு கட்டி சைடுல கோடு போட்டா, ரெண்டு கோடும் வெட்டிக்கற இடம்தான் வண்டியோட சென்டர் ஆஃப் கிராவிட்டி. ப்ரொபெல்லர் தள்ளற கோடு அதுக்கு ரொம்ப மேல இருந்தா ஆபத்து. ஏன்னா கன்ட்ரோல் ஸ்டிக்க சடார்னு முன்னாடி தள்ளினாலோ காத்து தூக்கிப் போட்டாலோ ரோட்டர் மேல இருக்கற லோடு போயிடும், அந்த நேரம் ப்ரொபெல்லர் மட்டும் தள்ளிக்கிட்டே இருக்கறதால வண்டி முன்பக்கமா குப்புற கவுந்துரும், கவுந்தா மீட்கவே முடியாது. பழைய டிசைன்கள்ல நிறைய பேரக் கொன்னது இதுதான். எங்களுக்கு கோடு கொஞ்சம் மேலதான் வந்துச்சு, சீட்டையும் டேங்க்கையும் உயர்த்தி, வால்ல படுக்கை ஸ்டெபிலைசர பெருசாக்கி, மறுபடி தொங்க விட்டு பாத்தோம். தொங்கிக்கிட்டு இருக்கற நேரம் முழுக்க கீழ நின்னு டோநட் தின்னாங்க பாவிங்க.

ரோட்டர் பிளேடு ரெண்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கான்னு முனைக்கு முனை நூல் கட்டிப் பாக்கணும். கொஞ்சம் விலகினாலும் ஸ்டிக் கையில உதறும்.

பேப்பர் வேலை தனி. பாதிக்கு மேல அமெச்சூரா நீங்களே கட்டினதுன்னு அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவுக்குக் காட்டணும், அதுக்குத்தான் ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் போட்டோ, லாக் புக். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஃபீஸ் 5 டாலர்தான், 'N'ங்கற எழுத்துல ஆரம்பிக்கற நம்பரோட வரும். கடைசியா இன்ஸ்பெக்டர் வருவார். எஃப்ஏஏ ஆளே வந்தா காசு இல்ல, ஆனா காத்திருக்கணும், அவங்க அங்கீகரிச்ச தனியார் ஆள்னா ஃபீஸ் உண்டு. எங்களுக்கு வந்தவர் பிளேட்ட பாத்ததவிட ஃபோல்டர பாத்ததுதான் அதிகம், "எக்ஸ்பெரிமென்டல்"னு எழுத்து 2 இன்ச் உயரம் இருக்கான்னு ஸ்கேல் வச்சு அளந்தார். பறக்கத் தகுதின்னு சொல்ற பிங்க் கலர் சர்டிஃபிகேட், அதான் பிங்க் ஸ்லிப், கையில வந்துச்சு.

அப்புறமும் உடனே பறக்க விடல. வெறும் டாக்சிதான், அதாவது தரையில உருட்டறது. ரோட்டர் நல்லா சுத்து எடுக்கறதுக்குள்ள வேகமா ஓட்டினா பிளேடு தாறுமாறா ஆடி வால்லயே அடிக்கும், அதனால ஸ்டிக்க பின்னாடி இழுத்து வச்சு மெதுவா உருட்டி, ஆர்பிஎம் ஏற ஏற வேகம் கூட்டி, முன் சக்கரத்த மட்டும் தூக்கி ரன்வேல பேலன்ஸ் பண்ணி ஓட்டணும். பாக்கறவங்களுக்கு போர். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சுது.

இப்ப ஃபேஸ் ஒன்ங்கற டெஸ்ட் ஃப்ளைட் கட்டம் ஓடுது, 40 மணி நேரம், எங்களுக்குக் குடுத்த ஏரியாவத் தாண்டக் கூடாது. டிசம்பர்ல ஓப்பன் ஃப்ரேம்ல இண்டியானா குளிரு முடியாது சாமி, அதனால மீதி மணி நேரம் மார்ச்சுக்கு மேலதான். அதுவரைக்கும் ஹாங்கர்ல இன்னொருத்தரோட ரெண்டு சீட் ஃப்ரேமுக்கு ஓட்டை போட்டுட்டு இருக்கோம், கட்டணும்னு ஆசை இருக்கறவங்க அங்கயே வந்து ஒரு சனிக்கிழமை பிசிறு எடுத்துக் குடுங்க.