விளக்குக்கு 20 மதிப்பெண்தான்

ஏப்ரல் கடைசியில் பத்தாம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் வந்துபோகும் மாலை. ஒரு அப்பா கைபேசியை என் முன்னால் நீட்டினார். மகன் செய்த மேசை விளக்கு. ப்ளைவுட் வளையங்களை அடுக்கி ஒட்டித் தேய்த்த உடல், லேசரில் வெட்டிய அக்ரிலிக் மூடி. இணைப்பில் நகம்கூட நுழையாது.

"சேர், கடையில வாங்கின சாமான் மாதிரியெல்லோ இருக்கு. பிறகேன் 56?"

இங்கிலாந்தில் இந்தப் பாடம் எடுக்கும் எல்லோரும் வருடா வருடம் கேட்கிற கேள்விதான். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ-யில், டிசைன் அண்ட் டெக்னாலஜி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துக்குப் பாதி எழுத்துத் தேர்வு, பாதி இந்தப் புராஜெக்ட். நாங்கள் எடுக்கும் ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தில் புராஜெக்டுக்கு 100 மதிப்பெண். ஆய்வுக்கு 10, தேவைக் குறிப்புக்கு 10, யோசனைகள், அவற்றை வளர்த்தெடுப்பது, செய்து முடிப்பது, சோதித்து மதிப்பிடுவது நான்குக்கும் தலா 20. அதாவது அந்த விளக்குக்கு உச்சம் 20. பையனுக்கு 19 போட்டிருந்தேன்.

மிச்ச மதிப்பெண், ஆய்விலிருந்து மதிப்பீடு வரை வரைந்தும் எழுதியும் வைக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. ஆறு யோசனைகள் வரைந்திருந்தான். ஆறும் ஒரே விளக்கு, தொப்பி மட்டும் வேறு. தேவைக் குறிப்பில் "பார்க்க அழகாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி. அதை எதை வைத்து அளப்பது? வளர்த்தெடுத்த பக்கத்தில் முடிந்த விளக்கின் நான்கு படங்கள். முதலில் விளக்கைச் செய்துவிட்டு, ஃபோல்டரைப் பிறகு நிரப்பினால் இப்படித்தான் ஆகும்.

அதே வகுப்பில் ஒரு பெண், மூட்டுவலி உள்ள பாட்டிக்காக மாத்திரைப் பெட்டி செய்தாள். ஐந்து அட்டை மாடல்கள், செல்லோடேப் பிதுங்கிக்கொண்டு. ஒரு படத்தில் பாட்டியின் விரல் மூடியில் வழுக்குகிறது. பக்கத்தில் பென்சிலில்: "22 மிமீ போதவில்லை. அடுத்தது 30." கடைசிப் பெட்டியின் கீல் கோணல், செய்முறைக்கு 13 தான். மொத்தம் 83.

என் முதல் வருடத்தில் நானும் பளபளப்பில் மயங்கி மதிப்பெண்ணை அள்ளிப் போட்டேன். ஆசிரியர் போட்டதை வாரியத்தின் மாடரேட்டர் மாதிரிக்குச் சில ஃபோல்டர்களை எடுத்துப் பார்ப்பார். என் கை தாராளம் என்று தெரிந்ததும் வகுப்பு முழுவதற்கும் குறைத்துவிட்டார்கள். அந்த வாரம் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. மரத்தைத் தொட்டாலே யோசிக்கிற, பேனாவைப் பிடித்தால் தடுமாறுகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் அநியாயம். விளக்குச் செய்த பையன் வளையங்களை மூன்று தடவை வெட்டிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். ஒரு படம் எடுத்து "ஏன் மாற்றினேன்" என்று இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். பொதுவாக வகுப்புக்குச் சொல்லலாம், சொன்னேன். ஆனால் "உன் ஏழாம் பக்கத்தில் இதை எழுது" என்று அவனிடம் சொல்ல விதி இடம் கொடுக்காது.

அப்பா தலையாட்டினார். சமாதானமானாரா தெரியவில்லை.

"அப்ப இந்த லாம்பை எப்ப வீட்ட கொண்டு போகலாம்?"

ரிசல்ட் வந்து, மறுபார்வை கேட்கும் காலமும் முடியட்டும் என்றேன். அதுவரை என் அலமாரியில், மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில்.