கரண்ட் போன இடத்திலிருந்து

10 ஜூன் 2023, சனி. சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

மூன்று நாளாக வீட்டில் பேச்சில்லை. பள்ளியிலிருந்து மகனைப் பற்றி வந்த கடிதம்தான் காரணம். அவன் அப்பா வழக்கம்போல் கராஜில் போய் ஒளிந்துகொண்டார். (தமிழில் எழுதினால் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அந்த தைரியம்தான்.)

சரி, ஒரு படம் பார்ப்போம் என்று ஜேம்ஸ் டீன் நடித்த 'ரெபல் வித்அவுட் எ காஸ்' போட்டேன். 1955 படம். அது திரைக்கு வர ஒரு மாதம்கூட இல்லாதபோது அவர் கார் விபத்தில் போய்விட்டார். பையன் முதலில் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தில் அப்பாக்காரர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கீழே கொட்டிய சாப்பாட்டை அள்ளும்போதுதான் நிமிர்ந்தான். ஆளில்லாத மாளிகையில் பிள்ளைகள் மூவரும் விளையாடும் இடத்தில் லோட் ஷெடிங், கரண்ட் போய்விட்டது. இருட்டில் எழுந்து போய்ப் படுத்துவிட்டான்.

11 ஜூன், ஞாயிறு

"மா, மீதியைப் போடு" என்று அவனே கேட்டான்!

அந்த மூவரில் ஒருவனான பிளேட்டோ துப்பாக்கியோடு வானாய்வுக்கூடத்துக்குள் ஒளிந்திருக்கிறான். ஜிம் (ஜேம்ஸ் டீன்தான்) தன் சிவப்பு ஜாக்கெட்டை அவனுக்குக் கொடுத்து, தந்திரமாகக் குண்டுகளை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் திருப்பித் தருகிறான். வெளியே வந்ததும் வெளிச்சத்தைக் கண்டு பிளேட்டோ மிரண்டு ஓட, போலீஸ் சுட்டுவிடுகிறது. குண்டுகள் ஜிம்மின் கையில். கத்துகிறான், யார் கேட்பது? ஜாக்கெட்டைப் பார்த்து, விழுந்தது தன் மகன் என்றே பெற்றவர்கள் ஒரு கணம் பதறுகிறார்கள். செத்தவன் ஒரு காலில் ஒரு நிறச் சாக்ஸ், மறுகாலில் வேறு நிறம். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

அப்புறம் ஜிம்மின் அப்பா தன் கோட்டை மகன் தோளில் போடுகிறார், இனி உன்னோடு நிற்பேன் என்கிறார். அம்மா ஏதோ சொல்ல வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டு சிரிக்கிறாள். அம்மா வாயை மூடினால் குடும்பம் நேராகிவிடுமாம்! எனக்கு எரிச்சல்தான். இங்கே கராஜுக்குள் இருப்பவரை யார் கேட்பது?

மகன் சொன்னது வேறு. "எல்லோரும் ஜிம்மைப் பார்க்கிறார்கள். பிளேட்டோவுக்கு அழ அந்த வேலைக்காரம்மா மட்டும்தான்." பிளேட்டோவைப் பெற்றவர்கள் இருவருமே அங்கே இல்லை. அப்பன் செலவுக்குச் செக் அனுப்புகிறவன். வளர்த்தது அந்தக் கறுப்பினப் பெண்தான். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

16 ஜூன், வெள்ளி

இளைஞர் நாள், லீவு. டிவியில் காலையிலிருந்து 1976 சோவெட்டோ மாணவர் போராட்டம், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள்.

ரொட்டி சுட்டுக்கொண்டே அவனிடம் கோகோவைப் பற்றிச் சொன்னேன். அம்மா துணித் தொழிற்சாலைக்குப் போன வருஷங்களில், துணி துவைக்க வந்த ஸூலு கிழவிதான் எனக்குத் தலை சீவி, சோறு ஊட்டி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டவள். ஸூலுவில் கோகோ என்றால் பாட்டி. எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

"அவங்க பேர் என்ன மா?"

மாவு கையோடு நின்றேன். அக்காவுக்காவது தெரியுமா என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.