கடைசி வண்டிக்காரனின் நாட்குறிப்பு

செப்டம்பர் 11, வியாழன் இரவு, பிரிட்ஜ்போர்ட்

நாலு வண்டி, ஒன்பது பேர். வரிசையில் எனக்குக் கிடைத்தது கடைசி இடம். "பின்னாடி வர்றவன்தான்டா பொறுப்பான ஆளு" என்றார் அண்ணன். முன்வண்டி அவருடையது. மூன்று வண்டிகளின் புழுதியைத் தின்னப்போகிறவனுக்கு அவர் வேறென்ன சொல்வார்?

நாளை கலிபோர்னியாவின் போடி. மறுநாள் அங்கிருந்து ஓடையோரமாக இறங்கி, எல்லை தாண்டி நெவாடாவின் அரோரா, அப்புறம் லக்கி பாய் கணவாய் வழியாக ஹாதார்ன். போடியும் அரோராவும் தங்கத்துக்காக முளைத்து, தங்கம் குறைந்ததும் காலியான ஊர்கள். இங்கே விட்டால் ஹாதார்ன் வரை பெட்ரோல் கிடையாது என்பதால் எல்லாரும் டேங்கை வாய்வரை நிரப்பியாயிற்று.

செப்டம்பர் 12, வெள்ளி

270-ஆம் நெடுஞ்சாலையில் கடைசி மூன்று மைல் மண்சாலை. வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருந்து பல்லெல்லாம் ஆடவைத்தது. சாதாரணக் கார்களும் இதில் வருகின்றன, எனவே வீரம் பேச ஒன்றுமில்லை.

போடி 8,375 அடி உயரத்தில் இருக்கிறது. ஒரு மேடு ஏறினாலே மூச்சு வாங்குகிறது. 1859-இல் இங்கே தங்கம் கண்டவர் பெயர் பாடி. அவர் அந்தக் குளிர்காலத்திலேயே பனிப்புயலில் சிக்கிச் செத்துப்போனார். ஊர் கொழித்ததை அவர் பார்க்கவில்லை. அவர் பெயரின் எழுத்துகளைக்கூட ஊர் சரியாக வைத்துக்கொள்ளவில்லை. 1880 வாக்கில் ஏழெட்டாயிரம் பேர் இருந்த ஊர் இது. 1892-இலும் 1932-இலும் தீ பிடித்தது. 1942-இல் போர்க்கால உத்தரவு தங்கச் சுரங்கங்களை மூடவைத்தது. 1962-இல் மாநிலப் பூங்காவானது.

மிஞ்சியிருப்பது நூற்றுச் சொச்சம் மரக் கட்டடங்கள். அவற்றைப் புதுப்பிப்பதில்லை, விழவும் விடுவதில்லை. கண்ணாடி உடைந்தால் மாற்றுகிறார்கள், கூரை ஒழுகினால் அடைக்கிறார்கள், அவ்வளவுதான். கடையின் அலமாரியில் டப்பாக்கள் அப்படியே இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் உலக உருண்டை இருக்கிறது. ஜன்னலில் மூக்கை ஒட்டி வெகுநேரம் பார்த்தேன். இவ்வளவையும் மலையிலிருந்து இறக்கக் கூலி கட்டுப்படியாகாது என்று விட்டுப்போனார்களாம்.

தங்கத் தாது அரைக்கும் ஸ்டாண்டர்ட் ஆலைக்கு 1890-களின் தொடக்கத்தில் 13 மைல் தொலைவிலிருந்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். கம்பி வளைந்தால் மின்சாரம் தெறித்துப் போய்விடும் என்று பயந்து நேர்கோட்டில் இழுத்தார்கள் என்பது இங்கே சொல்லப்படும் கதை. நம்ப ஆசையாக இருக்கிறது.

இங்கிருந்து ஆணி எடுத்துப்போனால்கூடச் சாபம் பிடிக்கும் என்றும் ஒரு கதை உண்டு. எடுத்துப்போனவர்கள் மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார்கள். சாபமோ என்னவோ, பூட்டைவிட நன்றாக வேலை செய்கிறது.

செப்டம்பர் 13, சனி இரவு, ஹாதார்ன்

தப்பு என்னுடையதுதான், முதலிலேயே எழுதிவிடுகிறேன். போடி தாண்டியதும் எல்லாரும் டயரில் காற்று இறக்கினோம். அண்ணன் 24 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும் என்றார். குலுங்காமல் போகலாமே என்று நான் 18-க்கு இறக்கினேன். மணலில் அது சரி, கூர்ப்பாறையில் சரியில்லை. காற்று குறைந்தால் டயர் தரையை நன்றாகப் பிடிக்கும், ஆனால் பக்கச்சுவர் பிதுங்கிக் கல்லுக்கு வழி கொடுக்கும்.

ஓடையை மறுபடி மறுபடி கடக்க வேண்டியிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கும் கீழேதான். பயம் தண்ணீரில் இல்லை, கரையேறும் இடத்துப் பாறையில். ஒருவர் இறங்கி நின்று கையைக் காட்ட, லோ ரேஞ்சில் (வேகம் குறைத்து இழுவிசை கூட்டும் கியர்) ஊர்ந்தோம். நாலாவதாக ஏறிய எனக்கு மட்டும் 'புஸ்'. வலது பின் டயரின் பக்கச்சுவரில் இரண்டு அங்குலக் கிழிசல். ஓட்டை என்றால் அடைத்திருக்கலாம், பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னிதான். ஜாக்கி மணலில் புதைந்தது, பலகை வைத்தோம். பலகையும் சரிந்தது. ஒரு மணி நேரம். இத்தனையிலும் அண்ணன் '24' என்ற எண்ணை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அரோரா வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. 1860-இல் தொடங்கிய ஊர். கலிபோர்னியாவிலா நெவாடாவிலா என்று தெரியாமல் ஒரே சமயத்தில் இரண்டுக்கும் மாவட்டத் தலைநகராக இருந்தது. 1863-இல் அளந்துதான் நெவாடா என்று முடிவானது. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1862-இல், அந்தப் பெயர் வைத்துக்கொள்ளும் முன்பு, இங்கே தங்கம் தேடித் தோற்றார்.

போடியைப் பார்த்த கண்ணோடு வந்ததால், "ஊர் எங்கேண்ணே?" என்று வாக்கிடாக்கியில் கேட்டேன். "நீ நிக்கிறதுதான்டா ஊரு."

புதருக்குள் செங்கல் குவியல்கள், அடித்தளக் குழிகள், மேட்டில் ஒரு கல்லறைத் தோட்டம். நல்ல செங்கல் கட்டடங்கள் இருந்த ஊர் இது. நிலைக்க வேண்டும் என்றுதான் செங்கல்லில் கட்டியிருப்பார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பழைய செங்கல்லுக்கு விலை வந்தது, சுவரைப் பெயர்த்து லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். போடியின் சுவர் பழம்பலகை, எடுத்துப்போய் யார் என்ன செய்வார்கள்? மதிப்பில்லாதது நின்றுவிட்டது. இதை யோசித்துக்கொண்டே ஒரு குவியலின் ஓரமாக வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரிவில் சுரங்க வாய் ஒன்று தெரிந்ததும் கூட்டத்தின் சின்னப்பையன் டார்ச்சோடு கிளம்பினான். அண்ணன் கத்திய கத்தில் திரும்பி வந்தான். மரத்தூண் உளுத்திருக்கும், உள்ளே காற்று கெட்டிருக்கும், தரை என்று மிதிப்பது பலகை மூடிய குழியாகவும் இருக்கலாம்.

லக்கி பாய் கணவாயைத் தாண்டும்போது பொழுது சாய்ந்தது. ஸ்டெப்னி தாங்கியது.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் கம்ப்ரெசரை மாட்டி எல்லாருக்கும் காற்று ஏற்றினோம். வெளியே ராணுவ வெடிமருந்துக் கிடங்குகள் மண்மேடுகளாக வரிசை வரிசையாகத் தெரிகின்றன. டயர் கடை திங்கள்தான் திறக்குமாம். ஸ்டெப்னியோடு மெதுவாகத் திரும்ப வேண்டியதுதான்.

முன் டயரின் பள்ளத்தில் கல் மாட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். உள்ளங்கையில் விழுந்தது சிவப்பாக இருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், செங்கல்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "நீயும் தூக்கிட்டு வந்துட்டியா?"