ஏற்றமும் வற்றமும்: அந்தமான் நாட்குறிப்பு

14 ஜனவரி 2025, செவ்வாய், ஸ்ரீ விஜயபுரம்

எந்த வாரம் விடுமுறை என்பதைப் பள்ளி நாட்காட்டி முடிவு செய்துவிட்டது. அந்த வாரத்துக்குள் எந்த நாளில் எந்தத் தீவில் இருப்பது, எந்த வேளையில் கடலில் இறங்குவது என்பதை, கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்து நாங்கள் முடிவு செய்தோம். குழந்தைகளோடு அந்தமானுக்குப் புறப்படுகிறவர்கள் விடுதியைப் பற்றியும் கப்பல் சீட்டைப் பற்றியும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று விசாரிப்பவர்கள் குறைவு. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 2 மீட்டர் ஏறி இறங்குகிறது. சரிவு குறைந்த கரையில், காலையில் நீந்திய இடம் மாலையில் வெறும் பாறையாகக் கிடப்பதற்கு அந்த 2 மீட்டர் போதும். இன்று பௌர்ணமி.

இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வந்திருக்கிறோம். நானும் கணவரும் மகளும் மகனும் என் மாமியாரும் ஒரு பக்கம். கல்லூரிக் காலத்திலிருந்து உடன்வரும் என் தோழி, அவள் கணவர், அவர்களுடைய பையன் மறுபக்கம். தை முதல் நாளன்று பொங்கலிடாமல் இருக்க அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. விடுதிச் சமையல்காரரும் தமிழராக இருந்தது நல்லதாகப் போயிற்று. "அம்மா, அடுப்பு உங்களுடையது, நான் தள்ளி நிற்கிறேன்" என்று அவர் சொல்லிவிட, பால் பொங்கும்போது எங்களோடு சேர்ந்து விடுதிப் பணியாளர்களும் குரல் கொடுத்தார்கள்.

போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஹேவ்லாக்கும் நீலும் 2018 டிசம்பரிலேயே ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றப்பட்டன. அந்த இரண்டு தீவுகளுக்கும் எங்கள் பேச்சில் பழைய பெயர்களே வருவதால் இந்தக் குறிப்புகளிலும் அவற்றையே எழுதுகிறேன்.

பிற்பகலில் செல்லுலார் சிறைக்குச் சென்றோம். 1906இல் கட்டி முடிக்கப்பட்டபோது நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள் பிரிந்திருந்தன; இன்று எஞ்சியிருப்பவை மூன்று. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி அமைக்கப்பட்டதால், உள்ளே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை. மாடியில் ஏறி நின்றால் கடல் ஒளிர்கிறது. கீழே அறைக்குள் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு சிறு காற்றுத் துளை மட்டும் இருக்கிறது. கடற்கரையில் விளையாடக் கிளம்பி வந்த பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே காட்டியது சரிதான் என்று நினைக்கிறேன்.

இங்கே ஜனவரியில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. நாட்டின் பொது நேரத்துக்குரிய தீர்க்கரேகைக்குப் பத்துப் பாகை கிழக்கே இருக்கிறோம் என்பதே காரணம். எட்டு மணிக்கு எழுந்து பத்து மணிக்குக் கிளம்பினால் பகலில் பாதி போய்விடும். ஆகவே விடியலில் எழுவது, இரவு ஒன்பதுக்குள் படுப்பது என்று எல்லோருமாகத் தீர்மானித்தோம்.

15 ஜனவரி, புதன், நீல் தீவு

காலைக் கப்பலில் நீலுக்கு வந்து சேர்ந்தோம். தோழியின் பையனுக்கு வழியில் குமட்டல் வந்தது. ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில் உட்கார வைத்து, தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னதில் அடங்கிவிட்டது. தாமதமாகக் கிளம்பிய கப்பலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்றைய நாளின் பெரும்பகுதியை லக்ஷ்மண்பூரின் இயற்கைப் பாலத்துக்காக ஒதுக்கி வைத்திருந்தோம். பாறையைக் கடல் குடைந்து உண்டாக்கிய அந்த வளைவுக்கு நீர் வற்றியிருக்கும்போது மட்டுமே நடந்து செல்ல முடியும். பிற்பகலில் நீர் இறங்கத் தொடங்கியதும் கிளம்பினோம். வளைவைப் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது வளைவை அன்று, அதற்குச் செல்லும் வழியை. பின்வாங்கிய கடல் பாறைப் பள்ளங்களில் விட்டுச் சென்ற நீர் ஒவ்வொன்றும் கால்முட்டி ஆழத்துக்குக் குறைவானதுதான். ஆனாலும் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து அசையாமல் பார்த்தால் நேரம் போவது தெரிவதில்லை.

ஒரு பள்ளத்தில் பவளப் பாறையின் வெடிப்புக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ராட்சதச் சிப்பி பதிந்திருந்தது. அதன் இரு ஓடுகளுக்கு இடையே நெளிநெளியாக விரிந்திருந்த சதை மடிப்பு மயில் கழுத்தின் நீலத்தில் இருந்தது. உற்றுப் பார்த்தால் அதில் பச்சைப் புள்ளிகளும் தெரிந்தன. என் மகன் குனிந்தபோது அவன் தலையின் நிழல் அதன்மீது விழுந்தது. உடனே அந்த மடிப்பு முழுவதும் சுருங்கி உள்ளே சென்றது. அவன் விலகினான், சிறிது நேரத்தில் மெல்ல விரிந்தது. மீண்டும் குனிந்தான், மீண்டும் மூடிக்கொண்டது. "அதற்குக் கண் இருக்கிறதா பெரியம்மா?" என்று தோழியின் பையன் என்னிடம் கேட்டான். மடிப்பின் ஓரமெங்கும் ஒளியை உணரும் மிகச் சிறிய கண்கள் அதற்கு இருக்கின்றன. நிழல் விழுந்தால் கொத்த வரும் மீன் என்று எண்ணி மூடிக்கொள்கிறது. அந்தச் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலில் உணவு தயாரித்துச் சிப்பிக்குக் கொடுப்பதால்தான் அது வெயிலுக்கு விரிந்து கொடுக்கிறது. மூன்றாம் முறை நிழல் விழாதபடி எதிர்ப்பக்கம் சுற்றிப் போய் உட்கார்ந்தான் மகன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு வழிகாட்டி கடல் அட்டையைக் கையில் தூக்கி, சுற்றி நின்றவர்களின் கைகளில் ஒவ்வொருவராகக் கொடுத்துப் படம் எடுக்கச் செய்துகொண்டிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. கடல் அட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. அஞ்சினால் தன் குடலையே வெளியே தள்ளிவிடும் இயல்பு கொண்டது. என் கணவர் அவரிடம் தணிந்த குரலில் எடுத்துச் சொன்னார். அவரும் மறுக்காமல் அதை நீரில் விட்டார்.

நடப்பதற்குக் கெட்டியான அடிப்பகுதி கொண்ட காலணி கட்டாயம். பாறை வழுக்கும், பவளம் கிழிக்கும். மிதிக்கும் இடம் மணலா, உயிருள்ள பவளமா என்று பார்த்து அடி வைக்க வேண்டும். அத்தை பாதி வழியில் ஒரு பாறையில் அமர்ந்துகொண்டார், தோழி துணைக்கு இருந்தாள். நீர் திரும்ப ஏறத் தொடங்கும் நேரம் தெரிந்திருந்ததால், இருட்டும் முன் அவசரமில்லாமல் கரை திரும்பினோம்.

16 ஜனவரி, வியாழன், நீல், பின்னர் ஹேவ்லாக்

சீதாபூரில் சூரிய உதயம் பார்த்தோம். மேகம் மறைத்தது.

காணும் பொங்கலன்று கடற்கரையில் கூடுவது நம் வழக்கம் என்று அத்தை காலையிலிருந்தே உற்சாகமாக இருந்தார். பரத்பூர் கடற்கரையில் நீர் நன்றாக ஏறியிருந்த வேளையில், பவளத்தின் மேல் போதிய ஆழம் கிடைத்தது. கால் படாமல் மிதந்தபடியே பார்க்க முடிந்தது. ஓதத்தைப் பார்த்து நேரம் வைத்ததன் பயன் இதுதான்: நீர் குறைவாக இருக்கும்போது முகமூடியோடு இறங்குகிறவர்கள் எழுந்து நிற்க முயன்று பவளத்தை உடைக்கிறார்கள், தாங்களும் காயப்படுகிறார்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுவதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டிருந்தோம். களிம்புகளில் சிலவற்றில் உள்ள வேதிப்பொருள் பவளத்துக்குக் கெடுதல் என்பதால் ஹவாய் அவற்றின் விற்பனையையே தடை செய்திருக்கிறது.

தலையை நீருக்குள் வைத்ததும் கறுக் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கிளிமீன்கள் தங்கள் அலகு போன்ற பற்களால் பவளப் பாறையைச் சுரண்டும் சத்தம் அது. பாசிக்காகச் சுரண்டி, பாறைத் தூளையும் சேர்த்து விழுங்கி, மணலாக வெளியேற்றுகின்றன. இத்தகைய தீவுகளின் வெண்மணலில் ஒரு பங்கு இப்படி உண்டானதுதான். இதைச் சொன்னதும் பையன்கள் இருவரும் கரைக்கு வந்து மணலைக் கையில் அள்ளி வெகுநேரம் ஆராய்ந்தார்கள்.

மாலையில் ஹேவ்லாக். கிழக்குக் கரையில், விஜயநகர் கடற்கரையில் தங்குகிறோம். வந்து சேர்ந்தபோது கடல் வெகுதூரம் பின்வாங்கி, சேறும் கல்லுமாகக் கிடந்தது. பக்கத்து அறைக்கு வந்தவர்கள் ஏமாந்துபோய் விடுதிக்காரரிடம் குறைபட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலை பதினொன்றுக்கு இதே இடத்தில் இடுப்பளவு நீர் நிற்கும் என்று தோழியின் கணவர் அவர்களிடம் அட்டவணையைக் காட்டி ஆறுதல் சொன்னார்.

17 ஜனவரி, வெள்ளி, ஹேவ்லாக்

மறக்க முடியாத நாள்.

காலையில் படகில் எலிஃபண்ட் பீச் சென்றோம். ஒரு காலத்தில் மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட யானைகள் இந்தத் தீவில் இருந்தன. அவற்றுள் கடலில் நீந்துவதற்குப் பெயர்பெற்ற ராஜன் 2016இல் இறந்தது. இப்போது கரையில் சாய்ந்து வெளுத்துக் கிடக்கும் பெருமரங்கள்தான் இருக்கின்றன. நீருக்கடியில் மீன்கள் ஏராளம்; கடற்சாமந்திக்குள் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்த கோமாளி மீன்களை என் மகள் கண்டுபிடித்துக் காட்டினாள். ஆனால் பவளத்தில் பெரும்பகுதி உயிரற்ற சாம்பல் நிறத்தில் இருந்தது. 2010ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் சூடேறியபோது அந்தமான் பவளங்கள் பரவலாக வெளுத்தன. 2024லும் உலகெங்கும் வெளுத்தல் நிகழ்ந்தது. வெப்பம் தாங்காமல் தன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியைப் பவளம் வெளியேற்றிவிடுகிறது. நிறமும் போய், உணவும் போய், வெப்பம் நீடித்தால் மடிகிறது. இறந்த பாறையின் மேல் விரல் நீளத்துக்குப் புதிய கிளைப் பவளம் ஊதா நுனியோடு துளிர்த்திருந்த ஓர் இடத்தைச் சுற்றி வந்து மறுபடி மறுபடி பார்த்தேன்.

பிற்பகலில் ராதாநகர். பின்னணியில் வானளாவிய கடல் மகுவா மரங்கள், முன்னால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் மணல். இங்கே அலை உண்டு. உயிர்காப்பாளர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள். முதலை எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது, அதை அலங்காரமாக எண்ணக் கூடாது. பெரியவர்களில் ஒருவர் நீருக்குள் இறங்காமல் பிள்ளைகளின் தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது, அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாறுவது என்று முறை வைத்துக்கொண்டோம். கரையில் குவிந்த அலைநீர் கடலுக்குத் திரும்பும் ஒடுங்கிய பாதையில் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தெரியும். அங்கேதான் இழுப்பு அதிகம். அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்று தோழியின் கணவர் மூன்று பிள்ளைகளையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

நீர் வற்ற வற்ற, ஈர மணலில் மிளகைவிடச் சிறிய உருண்டைகள் தோன்றின. ஒவ்வொரு வளையிலிருந்தும் விரல்நுனி அளவுள்ள ஒரு நண்டு வெளிவந்து, மணலை வாயில் அள்ளி, அதிலிருந்த நுண்ணுணவை உறிஞ்சி, மிச்சத்தை உருட்டி ஓரமாகத் தள்ளியது. வளையை நடுவாக வைத்து நாற்புறமும் கதிர்க் கோடுகளாக உருண்டைகள் நீண்டன. வாசலில் கோலம் போட்ட கையோடு வந்திருக்கும் அத்தைதான் அதை முதலில் கவனித்தார். நாங்கள் சூரிய அஸ்தமனத்தைப் பார்க்க அவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஏற்றத்தில் எல்லாம் அழிந்துவிடும், நண்டு மறுபடி தொடங்கும்.

பௌர்ணமி கழிந்து மூன்று நாட்கள் ஆனதால் இன்று நிலவு எட்டு மணியளவில்தான் எழும். ஆகவே அந்தி மறைந்ததிலிருந்து அதுவரை முழு இருட்டு கிடைக்கும் என்று கணக்கிட்டு, ஏழு மணிக்குக் கயாக் படகுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அத்தையும் சிறுவர்களும் என் கணவரோடு விடுதியில் தங்க, நானும் மகளும் ஒரு படகில், தோழியும் அவள் கணவரும் மற்றொன்றில். கையை நீரில் விட வேண்டாம், துடுப்பே போதும் என்றார் வழிகாட்டி. படகுத்துறை விளக்குகளைக் கடந்து சதுப்புக் காட்டின் நிழலுக்குள் சென்றதும் துடுப்பை இட்டேன். துடுப்பைச் சுற்றி நீலப்பச்சைப் பொறிகள் சுழன்று அணைந்தன. அசைவு பட்டால் ஒளிரும் நுண்ணுயிர்கள் என்று படித்திருந்தும், உடம்பு சிலிர்த்தது. கீழே ஒரு மீன் விலகி ஓட, அது சென்ற வழியெல்லாம் ஒளிக்கோடு நீண்டு மறைந்தது. மகள் ஒன்றும் பேசாமல் துடுப்பை நீரில் இட்டு எடுத்து, அதிலிருந்து சொட்டிய துளிகள் விழுந்த இடமெல்லாம் பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கில் வானம் வெளுக்கத் தொடங்கியதும் பொறிகள் மங்கின, திரும்பினோம்.

18 ஜனவரி, சனி, ஹேவ்லாக், பின்னர் ஸ்ரீ விஜயபுரம்

காலாபத்தர் கடற்கரையில் காலை நடை; பிறகு கப்பல். கப்பலில் அறிமுகமான ஒரு குடும்பத்தினர், கடைசி நாளில் சாலை வழியாகப் பாராடாங் சென்றால் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார்கள். அந்தச் சாலை ஜாரவா காப்புப் பகுதிக்குள் செல்கிறது. 1956ஆம் ஆண்டு முதல் அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வண்டியை நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. மனிதர்களைப் பார்க்கும் ஆசையில் அவர்கள் வீட்டு வழியே போவதில் எங்களில் எவருக்கும் உடன்பாடில்லை. வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.

19 ஜனவரி, ஞாயிறு, விமான நிலையம்

கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்துச் செல்வதும் குற்றம். பைகளைச் சோதிக்கும்போது பிடித்துவிடுகிறார்கள். முன்பே சொல்லி வைத்திருந்ததால் பிள்ளைகளின் பைகளில் மணலைத் தவிர ஒன்றுமில்லை.

விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் தோழி கைபேசியில் நாட்காட்டியைத் திறந்தாள். டிசம்பர் 20ஐ ஒட்டி அமாவாசை. அரையாண்டு விடுமுறை அதற்குப் பின்னாலேயே வருகிறது. அந்த மாதத்தில் வடக்கே திக்லிபூர் பக்கம் காளிபூர் கடற்கரையில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். கப்பல் நேரத்தையும் ஓத அட்டவணையையும் பார்த்து நாட்களைப் பிரிக்கும் வேலையை அவள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். அத்தையும் வருகிறாராம்.