பிரீசர் ஐஸைக் கத்தியால் குத்த வேண்டாம்

ஒற்றைக் கதவு பிரிட்ஜின் பிரீசர் பெட்டிக்குள் ஐஸ் அரை சென்ரிமீற்றருக்கு மேல் ஏறிவிட்டால் கழுவும் நாள் வந்துவிட்டது. குளிர்விக்கும் அலுமினியத் தகட்டுக்கும் மீனுக்கும் நடுவே அது போர்வை மாதிரிக் கிடக்கும். கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருக்கும், பில் ஏறும், மீன் மட்டும் சரியாக உறையாது. திருகோணமலையில் இது சீக்கிரமே நடக்கும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கடற்காற்றின் ஈரம் உள்ளே போய்த் தகட்டில் படிகிறது. மாரி காலத்தில் கேட்கவே வேண்டாம்.

கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் செய்தால் ஐஸ் வேகமாக விழும். மின்சாரசபை முன்கூட்டியே அறிவித்த மின்வெட்டு நாளும் நல்ல நாள்தான், எப்படியும் கரண்ட் இருக்கப்போவதில்லை. அதற்கு முந்திய வாரமே புதிதாக மீன் வாங்குவதை நிறுத்தி, இருப்பதைச் சமைத்து முடியுங்கள்.

மிச்சமிருக்கும் மீனில்தான் கவனம் வேண்டும். ஒவ்வொரு பொதியையும் பத்திரிகைத் தாளில் சுற்றி, ரெஜிபோம் பெட்டியில் இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்குங்கள். மீனும் ஐஸும் கிலோவுக்குக் கிலோ. மூடியை இடையில் திறந்து பார்க்க வேண்டாம். சூரை, சாளை போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். அந்த மீனைச் சாப்பிட்டபின் முகம் சிவந்து, தடித்து, தலையிடிப்பது அதனால்தான். கொதிக்க வைத்தாலும் அது அழியாது, திரும்ப உறைய வைத்தாலும் அழியாது. ஆகவே உள்ளே ஐஸ் துகள் இன்னும் இருக்கும் மீனை மட்டும் திரும்ப வையுங்கள். உருகியும் குளிர் விடாததை அன்றே சமையுங்கள். குளிர் விட்டு இரண்டு மணித்தியாலம் தாண்டியதை யோசிக்காமல் எறியுங்கள்.

இனி பிளக்கைக் கழற்றுங்கள். தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் உள்ள டிஃப்ரொஸ்ட் பொத்தானை அழுத்தினால் கொம்பிரசர் மட்டுமே நிற்கும், லைற்றுக்குக் கரண்ட் வந்துகொண்டிருக்கும். தண்ணீர் கொண்டு கழுவும்போது அது போதாது.

கதவைத் திறந்துவிட்டு, கீழே பழைய துவாய்களை விரியுங்கள். மடித்த துணி ஒன்றின்மேல் ஒரு பாத்திரம் சுடுதண்ணீரைப் பிரீசருக்குள் வைத்து, பிரீசர் கதவைச் சாத்தி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் வெடித்துவிடும். ஐஸின்மேல் நேரே ஊற்றவும் வேண்டாம். கரண்ட் இருந்தால், பாத்திரம் மாற்றும் இடைவேளைகளில் பிரீசர் கதவைத் திறந்து, வெளியே ஒரு மேசை மின்விசிறியை, தண்ணீர் படாத தூரத்தில், உள்ளே காற்று போகும்படி வைத்தால் இன்னும் சுருக்காக முடியும். ஹெயர் டிரையரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஈரத் தரை, 230 வோல்ட், சொட்டும் தண்ணீர் மூன்றும் சேரும் இடத்தில் நாங்கள் அதைச் சொல்லமாட்டோம். உப்புத் தூவுவதும் கூடாது, அலுமினியத்தை அரிக்கும்.

ஐஸ் தகட்டை விட்டுக் கிளம்பும் நேரம் கண்ணுக்குத் தெரியும். ஓரத்தில் வெள்ளை நிறம் மாறி, ஐஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய தண்ணீர்க்கோடு ஓடும். அப்போது மரக்கரண்டியின் மழுங்கிய பக்கத்தால் தள்ளினால் பாளம் பாளமாக வழுக்கி வரும். வராவிட்டால் இன்னும் பொறுங்கள். அந்தத் தகட்டுக்குள்ளேயே பிரிட்ஜைக் குளிர்விக்கும் கேஸ் ஓடும் குழாய் இருக்கிறது. கத்தி நுனி பட்டால் ஊசித் துளை போதும், கேஸ் போய்விடும். பல நேரம் திருத்தச் செலவுக்குப் புது பிரிட்ஜே வாங்கலாம். புதிய மொடல்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் இனம்தான், எரியும். பின்பக்க ஸ்ரிக்கரில் எழுதியிருக்கும். சீறும் சத்தம் கேட்டால் யன்னல்களைத் திறந்து, அடுப்பையும் எந்தச் சுவிட்சையும் தொடாமல் விலகுங்கள்.

கழுவ, ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா. வாசனைச் சவர்க்காரம் போட்டால் அடுத்த மாதம் இறாலிலும் அது மணக்கும். கதவு ரப்பரின் மடிப்புகளைப் பழைய பற்தூரிகையால் தேய்த்து, ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, ஐஸ் மறுபடி விரைவில் ஏறும்.

பின்பக்கம் கொம்பிரசருக்கு மேலே ஒரு தட்டு இருக்கும், உருகிய தண்ணீர் வடிந்து வருவது அங்கேதான். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. டெங்கு நுளம்புக்கு அந்தத் தண்ணீர் தாராளம். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும், ஆகவே வாரம் ஒருமுறை ஊற்றிவிட்டு, உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். வழுவழுப்போடு ஒட்டியிருக்கும் முட்டைகள் ஊற்றினால் மட்டும் போகாது. அப்படியே பின்பக்கக் கறுப்புக் கம்பிகளில் படிந்த தூசியையும் உப்பையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

எல்லாம் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிளக்கைப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் அந்த ஈரமே முதல் ஐஸ் ஆகும். தவறிப் பிளக்கை மறுபடி கழற்ற நேர்ந்தால் ஐந்து நிமிடமாவது விட்டுப் போடுங்கள், அழுத்தம் இறங்காமல் கொம்பிரசர் திணறும். உள்ளே சைபருக்குக் கீழே 18 பாகை வந்தபிறகு மீனை வையுங்கள். தெர்மாமீற்றர் இல்லாவிட்டால் ஒரு கோப்பைத் தண்ணீர் முழுக்க உறையும்வரை காத்திருங்கள்.

ஐஸைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ரொஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜில் ஐஸ் கட்டினால் இதையெல்லாம் செய்து பயனில்லை. உள்ளிருக்கும் ஹீற்றரோ சென்சரோ பழுதாகியிருக்கும், அல்லது வடிகுழாய் அடைத்திருக்கும். பழக்கமான மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.